தெருநாய்க் கணக்கெடுப்பு: செட்டிநாட்டில் புதிதாக இறங்குவோருக்கு

காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ உங்கள் தெருவில் நாய்கள் பெருகிவிட்டன, பிள்ளைகள் யாரையோ கடித்தும் விட்டது, ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடுகிறீர்கள். முதலில் தோன்றுவது மனு கொடுப்பது. அடுத்தது, நாய் பிடிக்கும் வண்டியை வரச்சொல்வது. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஊரில் நாய்கள் எத்தனை, எந்த வீட்டுச் சோற்றில் வாழ்கின்றன, யாரை எங்கே கடிக்கின்றன, எத்தனைக்குத் தடுப்பூசி ஆகியிருக்கிறது என்பதை ஊர்க்காரர்களே கண்டறிவது. கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாய்க்குச் சோறு வைப்பவர்கள், நாயைக் கண்டாலே ஆகாதவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. ஆகாதவர்கள் கட்டாயம் வேண்டும். அவர்கள் இல்லாத குழுவின் கணக்கை ஊர் நம்பாது.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வெறிநாய்க்கடி நோயான ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்க்கடியால் வருவது. நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இவ்வளவு கொடிய நோய்தான் என்றாலும் நாய்களுக்குள் அது வேகமாகப் பரவுவதில்லை. வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. ஆகவே 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, வருடாவருடம் அந்த அளவைக் குறையாமல் பார்த்துக்கொண்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். சரி, எதில் 70 சதவீதம்? மொத்தம் தெரியாமல் சதவீதம் ஏது?

எல்லாவற்றையும் பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன என்று டீக்கடையில் கண்டிப்பாக ஒருவர் கேட்பார். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 1997இல் ரேபிஸ் நுழைந்தபோது அதைத்தான் பெருமளவில் செய்து பார்த்தார்கள். நோய் நிற்கவில்லை. கோவாவில் தடுப்பூசி, பள்ளிகளில் விழிப்புணர்வு, கண்காணிப்பு மூன்றையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்தார்கள். 2021இல் அது ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு, அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எந்த நாய் எங்கே படுத்திருந்தது என்று அவரைவிட அறிந்தவர் ஊரில் இல்லை.

முதல் ஊசி உங்களுக்கு

தெருவில் இறங்குகிற ஒவ்வொருவரும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்பது இங்கே வழக்கமான முறை. நாயைக் கையால் தொடப்போகிறவர்களுக்கு இது இல்லாமல் அனுமதியே கிடையாது என்று குழுவில் விதி வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே எண்ணுகிறவர்கள் தொடவே கூடாது. குட்டியைக் கூடத் தூக்கக் கூடாது. மார்கழியில் நாய்க்குட்டிகள் தெருவெங்கும் உருளும்போது இந்த விதியைக் காப்பாற்றுவது சிரமம்தான்.

எல்லோர் பையிலும் ஒரு சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும். கடித்தாலோ கீறினாலோ அருகில் உள்ள குழாய்க்கு ஓடி, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பாட்டில் தண்ணீர் குழாய் கிடைக்கும்வரைதான். பிறகு அன்றே அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் மருந்தும் தேவை. முன்பே ஊசி போட்டவர்களுக்கு 0, 3 நாட்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். கடித்த நாய் கண்ணில் படுகிற நாயாக இருந்தால் அது நலமாக இருக்கிறதா என்று 10 நாள் கவனியுங்கள். அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அனுமதி, அப்புறம் ஒரு வரைபடம்

எண்ணுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் பெரிய அனுமதி தேவைப்படாது. ஆனாலும் மாநகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு கடிதம், கால்நடை மருந்தகத்து டாக்டருக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். காவல் நிலையம் எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன். ஆய்வைக் கல்லூரி மூலமாகச் செய்தால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

நாயைப் பிடிப்பதும் கருத்தடை செய்வதும் வேறு கதை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள்தான் செய்யலாம். கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அந்த விதிகளின் அடிப்படை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025இல் தனியாக உத்தரவிட்டிருக்கிறது. அந்த இடங்களில் நடப்பில் உள்ள உத்தரவு என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வரைபடம் போடும்போது செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பைத் திறந்து, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு, பின்வாசலை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுகின்றன. நாய் முகப்புப் பக்கத்து நிழலில் படுக்கும். சோறு கிடைப்பது அடுப்படி இருக்கிற பின்பக்கம். இரண்டு தெருவையும் இரண்டு குழுக்களுக்குப் பிரித்துக்கொடுத்தால் ஒரே நாய் இரண்டு தாளிலும் ஏறும். ஆகவே தெருவை எல்லையாக வைக்காதீர்கள். ஊருணி, ரயில் பாதை, பெரிய சாலை, கண்மாய்க்கரை என்று நாய் அடிக்கடி தாண்டாத எல்லைகளாகப் பார்த்துப் பிரியுங்கள். அதற்குள்ளே முகப்புத் தெருவும் பின்தெருவும் ஒரே குழுவிடம் இருக்கட்டும்.

மாவட்ட எல்லையையும் மறக்கக் கூடாது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டிலும் கிடக்கிறது. கோனாபட்டுக்காரரை நாய் கடித்தால் அது புதுக்கோட்டைக் கணக்கு, கானாடுகாத்தான்காரரைக் கடித்தால் சிவகங்கைக் கணக்கு. நாய்க்கு அது தெரியாது. எல்லையோர ஊர்களில் வேலை செய்தால் இரு பக்கத்துக் கால்நடை மருத்துவர்களிடமும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

"நாய் யாரோடது?" என்று கேட்காதீர்கள்

ஊர்மக்களைச் சேர்த்துச் செய்யும் ஆய்வில் கேள்வித்தாள்தான் பாதி வேலை. அதை வெளியூர்க்காரர் எழுதினால் பாழ். பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் காவல்காரரிடம் உரையாடல் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"அண்ணே, இந்தச் செவலை யாரோட நாய்?"

"யாரோடதும் இல்ல தம்பி. சும்மா கெடக்கு."

"ராத்திரி எங்க படுக்கும்?"

"இங்கதான், திண்ணைக்குக் கீழ."

"சோறு?"

"நாந்தான் வைப்பேன். நான் ஊருக்குப் போனா பின்தெரு அக்கா வைக்கும்."

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் தாளில் 'அநாதை நாய்' என்று விழுந்திருக்கும். உண்மையில் அதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஊசி போடும் நாளில் அதை அசையாமல் பிடித்துக்கொடுக்கப் போவதும் அவர்கள்தான். வலை கூடத் தேவைப்படாது. 'உடைமையாளர்' என்ற கட்டத்தைத் தாளிலிருந்தே எடுத்துவிட்டு மூன்று கேள்விகளை வையுங்கள்: யார் சோறு வைக்கிறார்கள், எங்கே படுக்கிறது, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள். மூன்றுக்கும் ஆள் இருந்தால் அது வீட்டு நாய்க்குச் சமம், கட்டிப்போடவில்லை என்பதுதான் வித்தியாசம். ஒன்றுக்கோ இரண்டுக்கோ ஆள் இருந்தால் தெருவின் நாய். எதற்குமே ஆள் இல்லாத நாய்கள் எத்தனை என்பதைக் கடைசியில் பாருங்கள். தெருநாய் என்று பொதுவாகச் சொல்லும்போது மனதில் இருப்பதைவிடக் குறைவாகவே வரும் என்பது என் அனுபவம். சந்தைப் பின்புறம், குப்பைக் கிடங்கு, கல்யாண மண்டபத்துப் பின்வாசல் என்று எச்சில் இலை விழும் இடங்களில்தான் அவை ஒதுங்கியிருக்கும்.

கடி பற்றிய கேள்வியிலும் பக்குவம் வேண்டும். 'நாய்களை விரும்புகிறீர்களா' என்பது போன்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. போன பொங்கலிலிருந்து இந்த வீட்டில் யாரையாவது நாய் கடித்ததா, எங்கே, எந்த நேரம், முதலில் காயத்தில் என்ன வைத்தீர்கள், எத்தனை ஊசி போட்டீர்கள், கடைசி ஊசி வரை போனீர்களா, போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பொங்கல், திருவிழா என்று நினைவில் நிற்கும் நாளைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் ஒழுங்காக வரும். மஞ்சள் வைத்தோம், சுண்ணாம்பு வைத்தோம், மிளகாய்ப்பொடி வைத்தோம் என்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். தாளை மூடிய பிறகு, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்று சொல்லலாம். பேட்டிக்கு நடுவில் திருத்தினால் அடுத்த வீட்டிலிருந்து எல்லோரும் நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்வார்கள்.

தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பயம் ஆச்சிமார்களிடம் இன்னும் இருக்கிறது. அது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த பழைய செம்பிள் தடுப்பூசியை அப்படித்தான் வயிற்றில் நாள்தவறாமல் போட்டார்கள். 2000களின் நடுவில் இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடுவதுதான் என்று சொன்னால், ஊசியைப் பாதியில் விட்டவர்களில் சிலராவது திரும்பிப் போவார்கள்.

கன்றுக்குட்டி, ஆடு, கோழி இழப்பையும் கேளுங்கள். ஆடு வளர்க்கும் குடும்பத்தின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அது பதிவாகாத ஆய்வில் நாளைக்கு அவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள்.

எண்ணும் முறை

விடிந்தும் விடியாமலும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். பத்து மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் நாய்கள் சாக்கடைக்குள்ளும் காருக்கு அடியிலும் போய்விடும், உங்களுக்கும் தலை சுற்றும். திருவிழா, பெரிய கல்யாணம், வெடிச் சத்தம், சந்தை நாள் இவற்றைத் தவிருங்கள். வடகிழக்கு மழைக்கு முன்பு ஒரு மாதத்தைத் தேர்ந்துகொண்டு ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். மழைக்குப் பின் எண்ணினால் குட்டிகள் சேர்ந்து தொகை ஊதிப்போகும்.

இரண்டிரண்டு பேராக நடந்தே போங்கள். ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எழுத. பக்கவாட்டுப் படம் ஒன்று, முகப் படம் ஒன்று. நிறம், புள்ளி, வால், காது, தழும்பு இவைதான் அடையாளம். நாட்டு நாய்கள் எல்லாம் ஒரே செவலையாகத் தெரியும் என்று முதல் நாள் புலம்புவீர்கள். இரண்டாம் நாளே பாதத்து வெள்ளையை வைத்துப் பிரித்துவிடுவீர்கள்.

இப்போது காவல் நிலையம். பூட்டிய வீடுகளிலிருந்து தூணும் கதவும் களவுபோன பகுதி இது. விடியற்காலையில் முன்பின் தெரியாதவர்கள் பூட்டிய வீட்டு வாசலைப் படம் எடுத்தால் ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது. அடையாள அட்டை போடுங்கள். தெருக்காரர் ஒருவரோடுதான் போங்கள். குனிந்து, நாய் மட்டும் விழும்படி படம் எடுங்கள். கதவும் பூட்டும் வீட்டுப் பெயரும் படத்தில் வேண்டாம். எந்த வீடு பூட்டியிருக்கிறது என்ற குறிப்பும், நாய் இருக்கும் இடத்தின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவே கூடாது. நாயை வெறுப்பவர் கையில் அந்தப் புள்ளி கிடைத்தால் விஷச்சோறு வைக்க வழி சொன்னதாகிவிடும்.

ஒரு நாள் எண்ணுவது போதாது. மறுநாள் அதே வழியில், அதே நேரத்தில் மறுபடி போங்கள். உதாரணத்துக்கு, முதல் நாள் 48 நாய்கள். இரண்டாம் நாள் 50 நாய்கள், அதில் 40 முதல் நாளே படம் எடுத்தவை. 48ஐ 50ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 60. உங்கள் பகுதியில் ஏறக்குறைய 60 நாய்கள் தெருவில் இருக்கின்றன, நீங்கள் ஒரு நாளில் பார்த்தது அதில் ஐந்தில் நான்கு பங்கு. கணக்கு அவ்வளவுதான். படங்களை ஒப்பிட்டு இது நேற்றைய நாயா என்று தீர்மானிப்பதில்தான் தகராறு வரும். இருவர் தனித்தனியாகப் பார்த்து, மாறுபட்டால் மூன்றாமவர் முடிவு சொல்லட்டும்.

எண்ணும்போதே நலத்தையும் குறித்துக்கொள்ளலாம். உடம்பு நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண்: விலா, இடுப்பெலும்பு எல்லாம் துருத்தினால் 1, தடவினால் விலா தட்டுப்படும் அளவு என்றால் 3, கொழுத்திருந்தால் 5. தொட முடியாததால் கண்ணளவில்தான். சொறி உண்டா, காயம் உண்டா, நொண்டுகிறதா, பால் கொடுக்கும் பெட்டையா, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறதா, இவ்வளவு போதும். பால் கொடுக்கும் பெட்டைகளின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் கருத்தடை வேலை செய்கிறது என்று அர்த்தம். மொத்த எண்ணிக்கை குறைய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டிலேயே நாய்கள் குறையவில்லையே என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இந்த எண் உதவும்.

குழறி நடக்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறிப்போன, கண்டதையெல்லாம் கடிக்கும் நாயைக் கண்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தெருவை எச்சரியுங்கள். கால்நடை மருத்துவரையும் உள்ளாட்சியையும் கூப்பிடுங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வேறொரு வைரஸ் நோயிலும் இதே மாதிரி குறிகள் வரும். மூளை மாதிரியைச் சோதித்தால்தான் உறுதியாகும், அதை எடுப்பது மருத்துவரின் வேலை. ஊருணியில் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன், அதனால் வெறி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவது மனித நோயாளிக்கு வரும் குறி. நாய்க்கு அது வராது.

ஊசி போட்ட மறுநாள்

தடுப்பூசி முகாமைக் கால்நடை பராமரிப்புத் துறையோடு சேர்ந்துதான் நடத்த வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஊசி மருத்துவரின் பொறுப்பு. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள், அதையொட்டிக் கேட்டால் எளிதில் கிடைக்கும். உங்கள் கேள்வித்தாளில் சோறு வைப்பவர்கள் யார் என்று இருக்கிறதல்லவா, அவர்களை முந்தின நாளே போய்ப் பார்த்துச் சொல்லிவைத்தால் பெரும்பாலான நாய்கள் கைக்கு வந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் பயிற்சி பெற்ற வலைக்காரர்கள். வயிரவன்பட்டி பக்கம் போனால் வேலை இன்னும் சுலபம். வயிரவர் வாகனத்தைக் கவனித்துக்கொள்வதில் அங்கே ஒருவருக்கும் மறுப்பு இருக்காது.

ஊசி போட்ட ஒவ்வொரு நாய்க்கும் முதுகில், சில நாளில் அழியும் வண்ணத்தால் ஒரு கோடு. மறுநாள் காலை மறுபடி நடந்து, பார்த்த நாய்களில் கோடு உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். 50இல் 36க்குக் கோடு இருந்தால் 72 சதவீதம். எட்டிவிட்டோம் என்று லட்டு கொடுக்கக் கிளம்பாதீர்கள். பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். குடியிருப்புத் தெருக்களில் 38இல் 33, சந்தைப் பின்புறத்தில் 12இல் 3 என்று இருந்தால், அங்கே வெறும் 25 சதவீதம்தான். நோய் அந்த மூலையில் உயிரோடு இருந்து, ஊசித் திறன் குறையும் நேரத்தில் வெளியே வரும். அந்த 9 நாய்களுக்காக வலைக்காரர்களை அழைத்துக்கொண்டு இன்னொரு காலை போங்கள். ஆண்டு முழுவதும் செய்த வேலையில் அந்த ஒரு காலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

முடிவுகளைக் கணினிக்குள் பூட்டிவைக்காதீர்கள். ஒரே தாளில் பெரிய எழுத்தில், பகுதிப் பெயர், நாய்கள் எத்தனை, ஊசி ஆனவை எத்தனை, கடி எத்தனை, எந்த நேரத்தில் அதிகம் என்று எழுதி, டீக்கடை, ரேஷன் கடை, பள்ளி, கோயில் வாசலில் ஒட்டுங்கள். தனி வீட்டுப் பெயரோ சோறு வைப்பவர் பெயரோ வேண்டாம். கடி அதிகமாகப் பள்ளி விடும் நேரத்தில், குட்டி போட்ட பெட்டைக்கு அருகில் என்று தெரியவந்தால், அந்தப் பள்ளி ஆசிரியர்களிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். ஒட்டிய தாளைப் பார்த்து, எங்க தெருவுல இன்னும் ரெண்டு இருக்கே, விட்டுட்டீங்களே என்று யாராவது திட்டினால் அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் தாள் பிடித்து நடக்க அவரைக் கூப்பிடலாம்.